கல்லூரி பெஞ்சு பதினெட்டு வயதுக்கு மட்டும்தானா? (விவாதம்)

திருச்சி_வாத்தியார் | செவ்வாய், இரவு 9.12

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்துகிறேன். ஜூன் பிறந்தால் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் அட்மிஷன் எப்படி? அந்தப் பேச்சில் வராத ஒரு கணக்கை இங்கே வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.4 என்றது 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை (மத்திய அரசின் பிறப்பு, இறப்புக் கணக்கெடுப்பு) அறிக்கை. மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். 2038இல் கல்லூரி வாசலுக்கு வர வேண்டிய பிள்ளைகள் பிறந்தாயிற்று. எண்ணிக்கையை இனி நாம் மாற்ற முடியாது. "சேர்க்கை விகிதத்தைக் கூட்டினால் போயிற்று" என்பார்கள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கைக்கு உயர்கல்வியில் இருப்போர் நாடு முழுக்க 28.4 சதவீதம், நாம் 47. இன்னும் கூட்டத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் கூட்டுவதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரு காலத்தில் ஐந்நூறைத் தாண்டியிருந்த நம் பொறியியல் கல்லூரிகள் இப்போது நானூற்றுச் சொச்சம்.

மறுபக்கம், 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் நம் மாநிலத்தில் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு.

என் கேள்வி இதுதான். காலியாகும் பெஞ்சுகளில் 40, 50, 65 வயதுக்காரர்களை உட்கார வைக்கலாமா? வாரக் கடைசியில் பஜனை, யோகாவோடு ஒரு 'மூத்தோர் வகுப்பு' நடத்துவதைச் சொல்லவில்லை. அதே வகுப்பு, அதே பாடம், அதே தேர்வு. ஆம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி இருந்தால் வரட்டும்.

நீட்_மறுபடி | செவ்வாய், இரவு 9.40

காலி பெஞ்சு எங்கே இருக்கிறது ஐயா? எனக்கும் ஒன்று காட்டுங்கள், வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

2020இல் ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 64 வயதில் எம்பிபிஎஸ் சேர்ந்தார். எல்லா டிவியிலும் பாராட்டு. படிப்பு முடிந்து வெளியே வரும்போது அவருக்கு எழுபது. 2022இல் தருமபுரிப் பக்கம் 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கே வந்துவிட்டார். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளைக்குப் போகட்டும் என்று அவரே விட்டுக்கொடுத்தார். பெரிய மனசு, கும்பிடுகிறேன். ஆனால் அவர் விடாமல் இருந்திருந்தால்? அதே வருஷம் மார்ச்சில் நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று போராடி வாங்கிய இடம் அது. அதில் தாத்தாவும் பேத்தியும் போட்டி போடுவதற்குப் பெயர் தலைமுறைகள் சேர்ந்து படிப்பதா?

திருச்சி_வாத்தியார் | செவ்வாய், இரவு 9.58

தம்பி, நியாயமான கோபம். அரசு மருத்துவ இடம் என்பது எண்ணி வைத்த சோறு. அங்கே வயதைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. நான் பேசுவது பிஏ வரலாறு, பிஎஸ்சி கணிதம், மெக்கானிக்கல், சிவில் பற்றி. அங்கே யாருடைய இடத்தையும் யாரும் பறிப்பதில்லை. ஆள் இல்லாமல் துறையையே மூடுகிறார்கள்.

பழைய_லேத் | செவ்வாய், இரவு 10.31

வாத்தியார் ஏதோ புதுசாகச் சொல்வதுபோல் சொல்கிறார். கோயம்புத்தூரில் இது பல வருஷமாக நடக்கிறது. பெயர் பார்ட் டைம் பிஇ. டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு, சாயங்காலம் வகுப்பு. கோவை, சேலம், காரைக்குடி, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிகள் எல்லாவற்றிலும் உண்டு. நான் ஃபோர்மேனாக இருந்தபோது படித்தேன், அப்போது எனக்கு நாற்பத்தி இரண்டு. பக்கத்து பெஞ்சில் இருபத்தி மூன்று வயது பையன், டிப்ளமோ முடித்து சிஎன்சி (கணினி வழி இயங்கும் எந்திரம்) ஆபரேட்டர். அதற்குப் பின்னால் மின்வாரியத்து ஆள் ஒருவர், ரிட்டையர் ஆக ஐந்தாறு வருஷம்தான் பாக்கி.

எப்படி இருந்தது என்று கேட்டால் ஒரு வகுப்பைச் சொல்கிறேன். உலோகம் கடைதல் பாடம். சின்ன வயசு மேடம், எம்இ முடித்து நேரே வந்தவர். இன்செர்ட் (உலோகத்தை வெட்டும், கழற்றி மாற்றக்கூடிய முனை) தேய்மானம் பற்றி போர்டில் படம் போட்டார்: பக்கவாட்டில் தேய்வது ஒன்று, மேல் முகத்தில் பள்ளம் விழுவது ஒன்று. மறுநாள் எங்கள் பட்டறை ஷாப்பில் தூக்கிப்போட்ட இன்செர்ட்டுகளை ஒரு கைப்பிடி டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேஜையில் கொட்டி, "மேடம், இதில் எது எது?" என்றேன். அவர் லென்ஸ் எடுத்து வந்தார். வகுப்பே மேஜையைச் சுற்றி நின்றது. ஒன்றின் முனையில் வேலைப்பொருளின் உலோகமே பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு, நாங்கள் ஷாப்பில் 'மெட்டல் புடிச்சிருச்சு' என்போம். வேகம் குறைவாக ஓட்டினால் ஏன் அது வருகிறது என்று மேடம் வெப்பநிலையை வைத்து விளக்கினார். இருபது வருஷமாக வேகத்தைக் கூட்டினால் சரியாகிறது என்று எனக்குத் தெரியும். ஏன் சரியாகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த சிஎன்சி பையன் எனக்கு மூன்று செமஸ்டர் கணக்கு சொல்லிக்கொடுத்தான். லாப்லாஸ் எல்லாம் அவன் இல்லாவிட்டால் நான் தாண்டியிருக்க மாட்டேன். டிராயிங் பார்க்க அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாம்_செமஸ்டர் | செவ்வாய், இரவு 11.05

அண்ணே, உங்கள் கதை நன்றாக இருக்கிறது. எங்கள் வகுப்பு நிலைமையையும் கேளுங்கள்.

எங்கள் எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) வகுப்பில் ஐம்பது தாண்டிய ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் முதல் வாரமே ஆசிரியர்கள் அவரை வகுப்புத் தலைவர் ஆக்கிவிட்டார்கள், யாரும் ஓட்டுப் போடவில்லை. வகுப்பு வாட்ஸப் குழுவில் தினமும் காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூ. சாதி, காதல், குடும்ப வன்முறை பற்றி விவாதம் வந்தால் அவர் முதலில் பேசி முடித்துவிடுவார். அப்புறம் யாரும் வாயைத் திறப்பதில்லை. குறிப்பாகப் பெண்கள். அவர் எதிர்க்கருத்து சொன்னால் நாங்கள் பதில் சொல்ல முடியாது, 'மரியாதை இல்லாத பிள்ளை' ஆகிவிடுவோம்.

பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது காலை மடக்கி உட்கார்ந்தே வளர்ந்தவர்கள் நாம். ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் அவரும் நானும் சம மாணவர்கள் ஆகிவிடுவோமா? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

டேட்டா_அம்மா | புதன், காலை 6.20

ரோஜாப்பூவுக்குச் சிரித்துவிட்டேன் தம்பி. நீங்கள் சொல்வது உண்மை. என் அனுபவத்தையும் எழுதுகிறேன், கொஞ்சம் மாறுபட்டது.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பில் நானும் என் மகளும் படிக்கிறோம். ஜேஇஇ நுழைவுத் தேர்வு கிடையாது, வயது வரம்பு கிடையாது. நான்கு வாரப் பாடம் முடித்து ஒரு தகுதித் தேர்வு. அதில் தேறியவர்கள் அத்தனை பேரும் சேரலாம், இவ்வளவு சீட்தான் என்ற பேச்சே இல்லை. நீட் தம்பியின் பிரச்சினை அதனால் இங்கே எழவில்லை. வீடியோக்கள் வீட்டில், தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். முதல் படியில் எட்டுப் பாடம், அதற்குமேல் டிப்ளமோ, பிஎஸ்சி, பிஎஸ் என்று படிப்படியாக. எந்தப் படியிலும் சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம். கட்டணம் பாடத்துக்குப் பாடம் கட்டினால் போதும்.

நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவு. பைத்தானில் வரிசை எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதை மனசு ஏற்கவே எனக்கு ஒரு மாசம் ஆனது. மகள் தலையில் அடித்துக்கொள்வாள். அப்புறம் ஒரு நாள் அவள் பயிற்சிக்காக ஒரு விற்பனைத் தரவை வைத்துக்கொண்டு, அளவு என்ற பத்தியில் மைனஸில் இருந்த வரிகளையெல்லாம் 'தப்பான பதிவு' என்று நீக்கிக்கொண்டிருந்தாள். "அடியே, அது தப்பில்லை, திரும்பி வந்த சரக்கு. டெபிட் நோட் போட்டிருப்பான். அதை எடுத்துவிட்டால் வியாபாரம் நன்றாக நடந்தமாதிரி தெரியும்" என்றேன். திரும்பி வந்ததை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தோம். பெரும்பாலும் ஒரே நிறம், ஒரே மாதம். சாயம் போன லாட். எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அவளுக்கு அதைப் பத்து வரி நிரலில் எடுத்துக் காட்டத் தெரியும்.

இங்கே ஏன் மரியாதைப் பிரச்சினை வரவில்லை என்றால், படிப்பின் இணைய மன்றத்தில் கேள்வி கேட்பவரின் வயது யாருக்கும் தெரியாது. என் சந்தேகத்துக்குப் பத்தொன்பது வயதுப் பையன் பொறுமையாகப் பதில் எழுதுவான். நான் நாற்பத்தெட்டு என்று அவனுக்கு எங்கே தெரியும்?

அஞ்சல்_வழி_பிகாம் | புதன், காலை 8.47

ஆன்லைன் புகழ் பாடுகிறவர்களுக்கு ஒரு பழைய நினைவு. வயது பார்க்காமல் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971லேயே அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது, அண்ணாமலை 1979. போலீஸ்காரர், கண்டக்டர், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் என்று எல்லாரும் அதில்தான் பட்டம் வாங்கினோம். அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், என் ப்ரமோஷனே அதில்தான். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமா? தபாலில் புத்தகம் வரும், பரீட்சைக்கு முந்தின வாரம் பிரிப்போம். தொடர்பு வகுப்பு என்று ஒன்று நடக்கும், பாதிப்பேர் வர மாட்டோம். எல்லா வயதும் ஒரே வருகைப் பதிவேட்டில் இருந்தது, அவ்வளவுதான். டேட்டா அம்மா வீட்டில் நடந்தது அம்மாவுக்கும் மகளுக்கும் நடந்தது. ஐஐடி நடத்தியது இல்லை.

டேட்டா_அம்மா | புதன், காலை 9.15

இதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட் இருந்தால் மட்டும்தான் வேறு வயதுக்காரர்களோடு உண்மையில் பழக நேர்கிறது.

மாமல்லைச்_சிற்பி | புதன், மதியம் 1.30

எல்லாரும் பெரியவர் மாணவராக வருவதையே பேசுகிறீர்கள். ஆசிரியராக வருவதைப் பேசவில்லையே.

மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, 1957இல் தொடங்கியது. கணபதி ஸ்தபதி பல ஆண்டுகள் முதல்வராக இருந்தார். பட்டறையில் அப்பாவிடம் கற்க வேண்டியதைப் பட்டப்படிப்பாக மாற்றிய இடம் அது. நானும் அங்கே படித்தவன்தான். உத்தம தச தாளம் என்ற சிற்ப அளவு முறையில் உருவத்தின் உயரம் 124 பங்கு, முகத்துக்கு எவ்வளவு, கழுத்துக்கு எவ்வளவு என்பதை வகுப்பில் படிக்கலாம். கல்லைத் தட்டிப் பார்த்து ஆண் கல்லா, பெண் கல்லா என்று பிரிப்பதை எந்தப் புத்தகத்தில் படிப்பது? மணிபோல ஒலிப்பது ஒன்று, தாளம்போல ஒலிப்பது ஒன்று, ஒலியே எழாதது மூன்றாவது, அது சிலைக்கு ஆகாது. என் மாமா சுத்தியின் பின்பக்கத்தால் கல்லின் நாலு மூலையில் தட்டிவிட்டு, "இங்கே உள்ளே கீறல் ஓடுது, வேண்டாம்" என்பார். உளி காய்ச்சும்போது முனையில் நிறம் மாறுவதைப் பார்த்து எந்த நொடியில் தண்ணீரில் வைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். ஒரு நொடி முந்தினால் முனை தெறிக்கும், பிந்தினால் மடங்கும்.

மாமா படித்தது ஐந்தாவது. எந்தக் கல்லூரியும் அவரை வேலைக்கு எடுக்காது. 2022இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 'நடைமுறைப் பேராசிரியர்' என்று ஒரு விதி கொண்டுவந்தது: குறைந்தது 15 ஆண்டு அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயம் இல்லை, மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதம் வரை எடுக்கலாம். படித்துச் சந்தோஷப்பட்டேன். நான் பார்த்த வரையில் அந்த நாற்காலியில் உட்கார்பவர்கள் ஐடி கம்பெனியிலிருந்தும் வங்கியிலிருந்தும் ரிட்டையர் ஆனவர்கள். சிற்பி இல்லை, நெசவாளி இல்லை.

2017இல் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்புத் தொல்லைக்கு அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் செங்கல்பட்டுப் பக்கமிருந்து பாம்பு பிடிக்கும் இருளர் இருவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனது: மாசி சடையன், வடிவேல் கோபால். பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் தடுமாறிய புதர்க்காட்டில் இவர்கள் தடம் பார்த்துப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இங்கே எந்த விலங்கியல் துறையாவது ஒரு செமஸ்டர் பாடம் நடத்த அவர்களை உட்கார வைத்ததா? எனக்குத் தெரிந்து இல்லை.

தெம்பனிஸ்_குமார் | புதன், மாலை 4.02

சிங்கப்பூரிலிருந்து. இங்கே இதைத் தர்மமாகப் பார்ப்பதில்லை, ஊர் பிழைக்கிற வழியாகப் பார்க்கிறார்கள். 2015இல் ஸ்கில்ஸ்ஃப்யூச்சர் என்று தொடங்கி, 25 வயதான ஒவ்வொரு குடிமகனுக்கும் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) படிப்புக் கணக்கில் போட்டார்கள். 2024இல் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு 4,000 வெள்ளி. என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) 2018இல் ஒரு அறிவிப்பு செய்தது: சேர்ந்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு நீ எங்கள் மாணவன், பட்டம் வாங்கிப் போன பிறகும் வந்து பாடம் எடுக்கலாம் என்று. நான் ஐம்பத்தொரு வயதில் பாலிடெக்னிக்கில் ஒரு பாடம் முடித்தேன். கட்டணத்தில் பெரும் பகுதி அரசாங்கம், மிச்சம் அந்தக் கணக்கிலிருந்து.

ஊரில் இதைச் சொன்னால், "இந்த வயசுல எதுக்கு மாமா?" என்றான் தங்கச்சி மகன். காசு யார் கட்டுவது என்பதைப் பேசாமல் மனசு மாற வேண்டும் என்று மட்டும் பேசினால் கதை நடக்காது.

யாழ்_வெளிவாரி | புதன், இரவு 7.44

வணக்கம். எங்கட பக்கம் நிலைமை நேர் எதிர். இலங்கையில் உயர்தரம் (உங்கட பிளஸ் டூ மாதிரி) சித்தியடைந்தவர்களிலேயே கொஞ்சப் பேருக்குத்தான் பல்கலைக்கழகம் கிடைக்கும். இசட் புள்ளி (பாடங்களுக்கிடையில் சமப்படுத்திய மதிப்பெண்) பார்த்து, இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய தகுதி, 55 சதவீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தவறவிட்ட பிள்ளைகள் வெளிவாரிப் (வெளியிலிருந்து படித்துப் பரீட்சை எழுதும்) பட்டத்துக்கோ, 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்துக்கோ போவினம். அங்கே ஏற்கெனவே பட்டமில்லாமல் படிப்பித்துக்கொண்டிருக்கிற ஆசிரியைமாரும் இருப்பினம். அதனால் வயது கலந்த வகுப்பு எங்களுக்குத் திட்டம் போட்டு வந்ததில்லை, இடம் இல்லாததால் வந்தது.

மூன்றாம் செமஸ்டர் தம்பிக்கு ஒன்று சொல்லலாம். எங்கட வார இறுதி வகுப்பில் ஒரு விரிவுரையாளர் விவாதம் தொடங்கும்போது எப்பவும் ஆகக் குறைந்த வயதுக்காரரைத்தான் முதலில் பேச விடுவார். பெரியாக்கள் கடைசி. முதலில் ரீச்சர்மாருக்குப் பிடிக்கவில்லை. பிறகு பழகிப்போச்சு. மனதை மாற்றச் சொல்லி ஒருத்தரும் புத்தி சொல்லவில்லை, ஒழுங்கை மாற்றினார், அவ்வளவுதான்.

பழைய_லேத் | புதன், இரவு 8.10

இது நல்ல யோசனை. எங்கள் வகுப்பில் சண்டை வராததற்குக் காரணம் இப்போது புரிகிறது. கணக்கு பீரியடில் அந்தப் பையன் பெரியவன், லேப்பில் நான் பெரியவன். எம்எஸ்டபிள்யூ மாதிரி வகுப்பில் எல்லாமே பேச்சுதான் என்பதால் வயசுக்காரர் எப்போதும் மேலேயே இருந்துவிடுகிறார்.

மூன்றாம்_செமஸ்டர் | புதன், இரவு 8.26

ஆகக் குறைந்த வயது முதலில்... இதை எங்கள் மேடத்திடம் சொல்லிப் பார்க்கிறேன். ரோஜாப்பூவுக்கும் ஏதாவது ஒழுங்கு இருந்தால் சொல்லுங்கள் அக்கா.

திருச்சி_வாத்தியார் | புதன், இரவு 10.15

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. என் பக்கத்தை இன்னும் கொஞ்சம் திட்டமாகச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் பிஏ வரலாற்றில் சேர ஒரு பெண்மணி விசாரிக்க வந்தார், தையல் கடை வைத்திருப்பவர். பிளஸ் டூ மதிப்பெண், கட்டணம், வயது எதுவும் தடையாக இல்லை. காலை ஒன்பதரைக்கு வர வேண்டும், 75 சதவீத வருகை வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னதும் திரும்பிப் போய்விட்டார். வேலைக்குப் போகாத, சமைத்துப் போட அம்மா இருக்கிற பதினெட்டு வயது ஆளை மனதில் வைத்துத்தான் மொத்த அட்டவணையும் போட்டிருக்கிறோம்.

அவருக்கு மூன்று வருஷப் பட்டம் உடனே வேண்டியதில்லை. ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் எடுக்க விட்டால் போதும். ஜெர்மனியில் பட்டத்துக்குப் பதியாமல் விரும்பிய பாடத்துக்கு மட்டும் வந்து உட்காரும் விருந்தினர் மாணவர் முறை இருக்கிறது, ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் அப்படி இளையவர்களோடு உட்காருகிறார்கள். நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. 2021இல் வந்த கல்விக் கிரெடிட் வங்கியில் எடுத்த பாடத்தின் மதிப்பை ஏழு ஆண்டு வரை சேர்த்து வைக்கலாம். காகிதத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு பாடத்துக்கு மட்டும் சேர்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த எந்தக் கல்லூரி அலுவலகத்திலும் படிவம் இல்லை. முதலில் அந்தப் படிவம், அடுத்து மாலை ஷிப்டில் எல்லா வயதும் கலந்த ஒரு பிரிவு, மூன்றாவது சிற்பி சொன்ன 10 சதவீதத்தில் பாதியாவது உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு. கல்விக் குழுவில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். "இதற்கெல்லாம் ஆடிட் ஆட்சேபம் வரும்" என்று ஒருவர் சொல்வார், அவர் பெயர் வரை எனக்குத் தெரியும்.

நீட்_மறுபடி | புதன், இரவு 10.33

ஒரு பாடம் மட்டும் என்றால் எனக்கும் வேண்டும் சார். கோச்சிங் வருஷத்தில் சும்மா இருக்கிற மாதிரி வீட்டில் பார்க்கிறார்கள். தாவரவியல் ஒரு பேப்பர் மட்டும் எடுக்க முடியுமென்றால் இப்போதே வருவேன்.

திருச்சி_வாத்தியார் | புதன், இரவு 10.36

பார்த்தீர்களா, எதிர்க்கட்சியே முதல் விண்ணப்பம்.

புதுவரவு_77 | வியாழன், காலை 7.05

இழையை முழுக்கப் படித்தேன். என் அம்மாவுக்கு 57. பத்தாவதோடு கல்யாணம். தமிழ் இலக்கியம் படிக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார். நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா, பிளஸ் டூ முடிக்க வேண்டுமா?

அஞ்சல்_வழி_பிகாம் | வியாழன், காலை 7.50

பிளஸ் டூ முடித்துவிட்டே போகட்டும். பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரே வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று ஆனபோது எங்களோடு படித்த பல பேர் மாட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்கு வேலை தேவையில்லைதான், இருந்தாலும் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இருந்தால் நாளைக்கு யாரும் எதுவும் கேட்க முடியாது. தனித்தேர்வராக எழுதலாம், இல்லாவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. இரண்டிலும் வயது உச்சவரம்பு கிடையாது. உங்கள் கல்வி மாவட்டத்து அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விசாரியுங்கள். பத்தாவது மார்க் ஷீட் பத்திரமாக இருக்கிறதா?

புதுவரவு_77 | வியாழன், காலை 8.02

இல்லை. வீடு மாற்றியபோது போய்விட்டது.

அஞ்சல்_வழி_பிகாம் | வியாழன், காலை 8.09

அப்படியானால் முதல் வேலை அதுதான். படித்த பள்ளியில் பதிவேடு இருக்கும், தேர்வு எழுதிய வருஷமும் பதிவெண்ணும் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மே, ஜூனில் பள்ளி அலுவலகத்தில் கூட்டம் அதிகம், இந்த வாரமே போய்விடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்காது.